‘அவசரம்’ என்ற சொல்லின் மீது ஒரு புகார்

அனுப்புநர்:
சு. பகவதிப்பெருமாள்,
வத்தல், புளி மொத்த வியாபாரம்,
சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவனந்தபுரம்.

பொருள்: முற்றிய இரைப்பைப் புற்றுநோயாளியான என் மனைவிக்குச் சாவித்துவார அறுவைச் சிகிச்சை செய்ய இயலாத நிலையை அவளுக்கு விளங்கும்படி சொல்லாமல் மறைத்தது குறித்தும், உரிய மருத்துவரை எங்கள் வீட்டுக்கு நேரில் அனுப்பி வைக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறேன். மலையாளம் தெரியாததால் அல்ல. சாலையில் கடை வைத்து முடி நரைத்துப்போன எனக்கு மலையாளம் எழுதவும் வரும், சண்டை போடவும் வரும். வரி அலுவலகத்துக்கு இதுவரை மலையாளத்தில்தான் எழுதி வந்திருக்கிறேன். இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. தங்கள் அலுவலகத்தில் இதை வாசித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடுவீர்கள். அவர் சொல்வது சரிதானா, எதையாவது விட்டுவிட்டாரா என்று தங்களுக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடு தாங்கள் ஒரே ஒரு மத்தியானம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் சரி, மனுவை மட்டும் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனையின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் எழுதித் தனி உறையில் போட்டு ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தாள் தங்களிடம் வருவதற்குள் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். என் மனைவி இனியும் அதே மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டியிருக்கும். அதனால் இந்த முன்ஜாக்கிரதை.

1. என் மனைவி முத்தாரம்மாளுக்கு வயது நாற்பத்தெட்டு. பிறந்தது வள்ளியூர். கல்யாணமாகி வந்த நாள்முதல் வலியசாலையில் குடியிருக்கிறோம். ஒரே மகன் வினீத் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். மலையாளம் தெரியுமா என்று முத்தாரம்மாளிடம் கேட்டால் கோபம் வரும். “ஏன், சீரியல் பூரா ஒண்ணு விடாம பாக்கியேனே” என்பாள். உண்மையில் அவளுக்கு மலையாளம் தேவைப்பட்டதே இல்லை. பால்காரர் தமிழ், தையல்காரர் தமிழ், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்பவரும் தமிழ். அது தேவைப்பட்ட ஒரே நாளைப் பற்றித்தான் இந்த மனு.

2. இந்த வருடம் விஷு முடிந்த கையோடு அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. சாப்பிட்டது எதுக்களித்து வந்தது. புளியைக் குறை, காரத்தைக் குறை என்று நானே வைத்தியம் சொன்னேன். புளியும் வத்தலும் விற்கிறவன் சொல்கிறானே என்று சிரித்தாள். பிறகு வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று என்றார்கள். இரைப்பையின் சுவரைத் தாண்டிப் பக்கத்து நிணநீர் முடிச்சுகள்வரை போய்விட்டது, முற்றிய நிலைதான், ஆனாலும் கையை விட்டுப் போய்விடவில்லை என்று அறுவை மருத்துவர் சொன்னார். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு உள்ளே பரவியிருக்கிறதா என்று பார்ப்பது, பரவாமல் இருந்தால் அந்தத் துளைகள் வழியாகவே இரைப்பையை வெட்டி எடுத்துவிடுவது. இதுதான் திட்டம். அன்றைக்கு நான் கூட இருந்தேன். எல்லாவற்றையும் நானே அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

3. வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்குத் தைரியம் கொடுத்தது, சின்னத் துளை வழியாகவே முடித்துவிடும் அந்தச் சாவித்துவார அறுவைதான். மருத்துவமனை வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள்: ‘தாக்கோல்துவார சஸ்த்ரக்ரியை, எல்லா நாட்களிலும்.’ எங்கள் வீட்டிலும் சாவிக்குத் தாக்கோல் என்றுதான் பெயர். “பூட்டத் திறந்து, உள்ள கெடக்கத எடுத்துட்டு, மறுபடி பூட்டிருவாவ. இதுக்குப் போயி பயந்தேனே” என்று அடுத்த வீட்டு அனந்தலக்ஷ்மி மாமியிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மருந்து ஏற்றி முடி கொட்டியபோதும் முனகவில்லை. ஆடிக் கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. நான் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

4. ஓணத்துக்கு முந்தின வாரம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஓணச் சந்தைக்கு வத்தல் எடுக்க நான் விருதுநகர் போயிருந்தேன். வள்ளியூரில் டிராக்டர் ஓட்டும் என் மைத்துனன் செல்வமணி துணைக்குப் போனான். மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து, சிரித்த முகத்தோடு, நிதானமாகச் சொன்ன வாசகம் இது. வெகுநாள் கழித்து, விஜயதசமிக்குப் பிறகு நான் துருவிக் கேட்டபோது இருவரும் தனித்தனியாக என்னிடம் ஒப்பித்தார்கள், ஓர் எழுத்துகூட மாறவில்லை:

“சேச்சி, இப்போ தாக்கோல்துவார சஸ்த்ரக்ரியைக்கு இவிடெ அவசரமில்லா. வேணமெங்கில் வேறெ எவிடெயெங்கிலும் நோக்காம்.”

வாசித்துச் சொல்பவர் இந்த இடத்தில் அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல், இருக்கிறபடியே தங்கள் காதில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். தமிழில் அவசரம் என்றால் உடனே செய்தாக வேண்டிய நெருக்கடி. மருத்துவர் சொன்னது, “இப்போது இங்கே அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பில்லை, வேண்டுமானால் வேறு எங்காவது பாருங்கள்.” என் மனைவி கேட்டது, “இப்போது அறுவைச் சிகிச்சைக்கு அவசரமில்லை, வேண்டுமானால் வேறு எங்காவது காட்டிக்கொள்ளுங்கள்.” வாசகத்தின் மிச்சமும் இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுத்துவிட்டது பாருங்கள்! என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் கேட்டுக்கொள் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னதாக இவள் நினைத்தாள். “வேற எங்க போக, உங்களத்தான் நம்பி இருக்கேன்” என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அதை அவர் என்னவென்று புரிந்துகொண்டாரோ, தலையை ஆட்டினாராம்.

5. நான் ஊரிலிருந்து வந்ததும் அவள் என்னிடம் சொன்னது தமிழ். “ஆபரேசனுக்கு அவசரமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மருந்து அப்படி வேல செஞ்சிருக்கு.” அவள் வாயிலிருந்து தமிழில் வந்த சொல்லை நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? அதே சொல்லை அந்த மருத்துவர் வாயிலிருந்து நேராகக் கேட்டிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். ஓணம் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தோம். ஒரு தடவை நானே கூப்பிட்டேன். டாக்டர் லீவு, பிறகு கூப்பிடுங்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்காமல் அரித்தெடுத்தபோதெல்லாம் அவள்தான் என்னை அதட்டினாள். “டாக்டரே அவசரமில்லைன்னுட்டாரு. நீங்க ஏன் கெடந்து தவிக்கிய?”

6. நவராத்திரியில் வாந்தி மறுபடி ஆரம்பித்தது. வயிறு உப்பிக்கொண்டது. விஜயதசமி கழிந்ததும் கூட்டிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் அவளைப் பார்த்து அதிர்ந்து போனார். அவர் அதிர்ந்தது எனக்கு முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது, அக்கறை உள்ள மனிதர் என்று. பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: வேறு மருத்துவமனைக்குப் போகவில்லையா? ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீர்கள்? இங்கே அவசரமில்லை என்று நான் தெளிவாகச் சொன்னேனே?

அப்போதுதான் ஐயா, எனக்கு விளங்கிற்று. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காருங்கள் என்றார். உட்காரவில்லை.

7. ஏன் வாய்ப்பில்லாமல் போயிற்று என்று கேட்டேன். சாவித்துவார அறுவைக்கான கேமரா பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்ததாம். ஓணம் கழிந்தும் வரவில்லையாம். அதைப் பச்சையாக நோயாளிகளிடம் சொல்ல வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லியிருந்ததாம். சொன்னால் பெயர் கெட்டுவிடும் அல்லவா? அதனால் மருத்துவர் மென்று விழுங்கி, நாசூக்காக ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து, ‘அவசரமில்லா’ என்றிருக்கிறார். தமிழர்களுக்கும் தெரிந்த சொல்லாக இருக்கட்டுமே என்று நினைத்தாராம்! நல்ல மனிதர்தான். அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். அதற்காக என் ஆத்திரம் குறையவில்லை.

சௌகரியமில்லை என்று சொல்லியிருக்கலாமே? மெஷின் கேடு என்று சொல்லியிருந்தால் செல்வமணிக்கு விளங்காதா, அவன் மெஷினோடு மாரடிக்கிறவன்தானே? ஒன்றும் வேண்டாம், இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருந்தால் போதுமே. அறிவாளி மனிதருக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? இன்னொன்றும் கேட்கிறேன். கேமரா இல்லாவிட்டால் கத்தியும் இல்லையா? வயிற்றைத் திறந்து செய்யும் பழைய வழி ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இவள் பயந்திருப்பாள், அழுதிருப்பாள், எனக்கு விருதுநகருக்குப் போன் போட்டிருப்பாள். நான் வத்தல் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பேன்.

மலையாளத்தில் உடனடி என்பதற்கு ‘அடியந்தரம்’ என்பார்கள். எங்கள் பக்கத்தில் அடியந்திரம் என்றால் செத்தவருக்குப் பதினாறாம் நாள் செய்வது. ‘அடியந்தரமாய்ட்டு வேறெ ஆசுபத்திரியில் போகணம்’ என்று அவர் சொல்லியிருந்தால்கூட இவள் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் பதறி அடித்துக்கொண்டு ஓடிவந்திருப்பாள். அந்தத் தப்பு அவளுக்கு நல்லது செய்திருக்கும்.

8. கேமரா இப்போது வந்துவிட்டது. ஐப்பசி நடுவில், மயக்கம் கொடுத்து, மூன்று சின்னத் துளை போட்டு உள்ளே பார்த்தார்கள். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வு முழுக்க ஜவ்வரிசி சிந்தினாற்போல் பரவிக் கிடக்கிறதாம். இனி வெட்டி எடுத்துப் பயனில்லை என்று எதையும் தொடாமல் துளைகளைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். அவளால் தாங்க முடிந்தால் கொஞ்சம் மருந்து, நீர் கட்டினால் எடுப்பது, வலிக்கு மாத்திரை. இவ்வளவுதான் இனி என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள்.

9. அவளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் நிர்வாக அலுவலரிடம் முறையிடப் போனேன். குளிர்சாதன அறையில் எதிரே உட்காரவைத்து அவர் சொன்ன பதில்: “மலயாளவும் தமிழும் ஏதாண்டு ஒண்ணல்லே சேட்டா?” ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் குறையில்தான் என் மனைவி விழுந்தாள் என்று அவருக்கு மலையாளத்திலேயே சொன்னேன். புரியவில்லை என்றால் கேட்டிருக்க வேண்டியது நோயாளியின் பொறுப்பு என்றார். புரியாதவன் கேட்பான், ஐயா. புரிந்துவிட்டது என்று நினைப்பவன் எதைக் கேட்பான்? நான் எழுந்து வந்த வழியில் வாசல் பலகையைப் பார்த்தேன். கேமரா சென்னையில் கிடந்த காலம் முழுக்க ‘எல்லா நாட்களிலும்’ என்று அது அங்கேயேதான் நின்றிருக்கிறது. காலால் எட்டி உதைக்கத் தோன்றியது. உள்ளே என் மனைவி படுத்திருந்ததால் உதைக்கவில்லை.

10. நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓணத்துக்கு முன்பே அறுத்திருந்தால் முத்தாரம்மாள் பிழைத்திருப்பாள் என்று எந்த மருத்துவரும் எனக்கு எழுதித் தரமாட்டார். இன்னொரு ஊரில் பெரிய டாக்டர் ஒருவரிடம் ஸ்கேன்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். முற்றிய புற்று, அப்போதே உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கலாம், பரவாமலும் இருந்திருக்கலாம், யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். சரி. யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது. அதை உபயோகிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். அவளிடம் அது கேட்கப்படவே இல்லை. என் புகாரின் சாரம் இதுதான்.

ஆகையால் தங்களிடம் கேட்பது இவை. கருவி பழுதாக இருந்த காலத்தில் அதை மறைக்கச் சொன்னது யார் என்று விசாரித்து எழுத்தில் பதில் தர வேண்டும். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், கடை முகவரிக்கு அனுப்புங்கள். தங்கள் விசாரணை ஆட்களும் கடைக்கே வரட்டும். கருவி வேலை செய்யாத நாளில் வாசல் பலகையை மூடிவைக்க உத்தரவிட வேண்டும். மீன் வராத நாளில் எங்கள் தெரு முனை ஓட்டல்காரர்கூட ‘மீன் இல்லை’ என்று சிலேட்டில் எழுதிப் போடுகிறார். இந்த ஊரில் கட்டடம் கட்டவும் ஓட்டலில் பாத்திரம் கழுவவும் வந்திருக்கும் தமிழ் ஆட்களுக்குக் கணக்கில்லை. உயிர்போகிற விஷயத்தை அவர்களிடம் சொல்லும்போது தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அதைவிட முக்கியம், சொல்லி முடித்ததும், “நான் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். முத்தாரம்மாளிடம் அப்படிக் கேட்டிருந்தால் அந்த அறையிலேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

11. இவை எல்லாம் மெதுவாக நடக்கட்டும். அரசாங்க வேலை எப்படி நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன், அதற்கு நாள் இல்லை.

முத்தாரம்மாளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்துவிட்டதாக நினைப்பு. மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் அவளிடம் தாக்கோல்துவார சஸ்த்ரக்ரியை முடிந்தது என்று சொல்லியிருக்கிறாள். அது பொய்யும் இல்லை. மூன்று தையலையும் மாமியிடம் காட்டி, “மூணே மூணு, கொசு கடிச்ச மாதிரி இருக்கு, பாத்தியளா” என்கிறாள். சாப்பாடு இறங்காததற்கு, இரைப்பையை எடுத்துவிட்டார்களே, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று தானே காரணம் சொல்லிக்கொள்கிறாள். வயிறு உப்பியிருப்பதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் நேர்ந்திருக்கிறாள். தேங்காய்ச் சாக்கு கடைக்கு வந்து இறங்கிவிட்டது. சனிக்கிழமை மண்டலம் பிறந்தால் ஐயப்பன்மார் கூட்டத்தில் நிற்க முடியாது, அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும் என்கிறாள். ஆட்டோவில் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனால் போதுமாம். ஒவ்வொரு தேங்காயையும் தன் கையால் எறிய வேண்டுமாம்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. இந்த மனு முழுக்க இவ்வளவு வாய் பேசுகிறவனுக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை, ஐயா. மகனுக்குப் போனில் சொன்னேன், அழுதான், நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் அப்பா என்றான். செல்வமணியோ தன்னால்தான் எல்லாம் என்று வீட்டுப்பக்கமே வருவதில்லை. தனக்கு வந்த நோயைப் பற்றி அவளுக்கு இரண்டாவது முறையும் தப்பாகவே தெரிந்திருக்கிறது. முதல் தடவை அவர்கள் தெரிய விடவில்லை. இந்தத் தடவை நானும் சேர்ந்துகொண்டேன் என்று ஆகிவிடக் கூடாது. பிள்ளையாருக்கு அவள் நன்றி சொல்லி எறியும்போது பக்கத்தில் தேங்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

எனவே வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த மருத்துவரை வலியசாலைக்கு அனுப்பி வையுங்கள். தண்டிக்க அல்ல. அவர் வந்து அவள் எதிரில் உட்காரட்டும். எதையும் பூசி மெழுகாமல், அவருக்குத் தெரிந்த மலையாளத்திலேயே சொல்லட்டும். நான் நடுவில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்கிறேன். முதலில் சொல்வதுதான் என்னால் முடியவில்லை. ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதாக இருந்தால் சொல்லிவிடுவேன்.

தங்கள் ஆள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு,

சு. பகவதிப்பெருமாள்
(கையொப்பம்)

இடம்: சாலை, திருவனந்தபுரம்
நாள்: 13-11-2007, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: மருத்துவமனை, மருத்துவர் பெயர் அடங்கிய ஒட்டிய உறை ஒன்று.